பேலியகொடைக்கு ஒரு விடியற்காலைப் பயணம்



ஊர் சுற்றிப் பார்ப்பது என்றதும் உங்களுக்கு நுவரெலியாவும் கண்டியும் நினைவுக்கு வரலாம். நான் இன்று உங்களை அழைத்துப் போகப்போவது ஒரு மீன் சந்தைக்கு! முகத்தைச் சுளிக்காதீர்கள். வீட்டுச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு மாதக் கடைசியில் பெருமூச்சு விடும் ஒவ்வொரு குடும்பப் பெண்ணும் ஒருமுறையாவது பார்க்க வேண்டிய இடம் பேலியகொடை. அங்கே போய் வந்து நான் படித்த பாடங்களில் சில இலாபமானவை. ஒன்று மட்டும் மிகவும் கசப்பானது. இரண்டையும் மறைக்காமல் சொல்கிறேன்.

பாலத்துக்கு அப்பால்

நாங்கள் இருப்பது வெள்ளவத்தையில். சுபஹ் தொழுத கையோடு புறப்பட்டால் காலி வீதியில் வாகன நெரிசல் இராது. பேஸ்லைன் வீதியைப் பிடித்து பொரளை, தெமட்டகொடை, ஒருகொடவத்தை என்று வந்து களனி கங்கையின் மேல் ஏறிவிட்டால் கொழும்பு மாவட்டம் முடிந்தது. அக்கரையில் கம்பஹா மாவட்டம். இறங்கிய இடம்தான் பேலியகொடை. கண்டி வீதியும் நீர்கொழும்பு வீதியும் பிரிவது இங்கே. 2013இல் திறந்த கட்டுநாயக்க அதிவேகப் பாதை தொடங்குவதும் இங்கே. 2021இல் திறக்கப்பட்ட புதிய பாலத்தின் கம்பி வடங்கள் விடியற்காலை வெளிச்சத்தில் பார்க்க அழகாக இருக்கும். கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ் பக்கத்துச் சகோதரிகளுக்கு இது கூப்பிடு தூரம்.

நம் வாப்பாமார் காலத்தில் மொத்த மீன் வியாபாரம் புறக்கோட்டை சென் ஜோன்ஸ் சந்தையில் நடந்தது. அந்த நெருக்கமும் சேறும் பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும். 2011இல் அது பேலியகொடையில் கட்டப்பட்ட மத்திய மீன் சந்தைக்கு மாறியது. பிறகு 2020 நவம்பரில், புறக்கோட்டையிலிருந்த மெனிங் மரக்கறிச் சந்தைக்கும் பேலியகொடையில் புதுக் கட்டடம் திறந்தார்கள். ஆகவே ஒரே பயணத்தில் மீனும் வாங்கலாம். அதற்கு வேண்டிய தேசிக்காய், பச்சை மிளகாய், வெங்காயமும் வாங்கலாம்.

சந்தை விழித்திருப்பது இரவில். கல்முனை, திருகோணமலை, மன்னார், சிலாபம், நீர்கொழும்பு, பேருவளை என்று நாலா திசையிலிருந்தும் லொறிகள் நள்ளிரவுக்குப் பிறகு வந்து இறக்கும். சில்லறைக் கடைக்காரர்கள் இருட்டோடு எடுத்துப் போய்விடுவார்கள். நாம் போகும் வேளை மொத்த வியாபாரத்தின் சூடு தணிந்திருக்கும்; நின்று பார்த்து வாங்க அதுவே நல்ல நேரம். தரை எப்போதும் ஈரம். அபாயாவின் ஓரத்தை முழங்கால் வரை நனைத்துக்கொண்டு வந்த என் முதல் அனுபவத்தைச் சொல்கிறேன்: பழைய இறப்பர் செருப்பும், கொஞ்சம் உயர்த்திக் கட்டிய உடையும் போதும். நல்ல செருப்புப் போட்டு வராதீர்கள்.

"வாங்க ராத்தா, தோரா பாருங்க, இரவு வந்தது" என்று ஒருவர் தமிழில் அழைப்பார். அடுத்தவர் "நோனா, நோனா" என்று சிங்களத்தில் கூப்பிடுவார். பதற வேண்டாம். ஒரு சுற்று முழுதாகச் சுற்றி வந்து விலை கேட்ட பிறகுதான் பணப்பையைத் திறக்க வேண்டும்.

இந்தச் சந்தை பட்ட பாடு

இந்த இடம் பட்ட சோதனைகளும் சாதாரணமானவை அல்ல. 2020 அக்டோபரில் இங்கே கொரோனா பரவி, சந்தையையே மூடினார்கள். "பேலியகொடைக் கொத்தணி" என்ற சொல் வானொலியில் கேட்டுக் கேட்டு நமக்குப் பாடமாகிவிட்டது. மக்கள் மீன் வாங்கப் பயந்தார்கள். அந்தப் பயத்தைப் போக்க, முன்னாள் கடற்றொழில் அமைச்சர் திலிப் வெதஆரச்சி நவம்பரில் பத்திரிகையாளர்கள் முன்னிலையில் ஒரு பச்சை மீனைக் கடித்துச் சாப்பிட்டுக் காட்டியது உலகம் முழுக்கச் செய்தியானது! மீண்டு எழுவதற்குள் 2021 மே மாதம் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக் கடலில் தீப்பிடித்தது. பாணந்துறையிலிருந்து நீர்கொழும்பு வரை மீன்பிடிக்கத் தடை வந்தது. அதற்கும் அடுத்த வருடம் பொருளாதார நெருக்கடி. படகுக்கு எரிபொருள் இல்லை, அடுப்புக்கு எரிவாயு இல்லை. 2022 செப்டம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதமாயிற்று. அதாவது ஒரு வருடத்துக்கு முன் நூறு ரூபாய்க்கு வாங்கிய உணவுக்கு ஏறக்குறைய இருநூறு ரூபாய்!

பிள்ளைகளின் தட்டில் மீன் துண்டு சிறுத்துக்கொண்டே போனதை நீங்களும் கண்டிருப்பீர்கள்.

என் கசப்பான பாடம்

2022இன் நோன்பு ஏப்ரல் தொடக்கத்தில் வந்தது. விலை ஏறுமுன் வாங்கி வைப்போம் என்று மார்ச் கடைசியில் நானும் வீட்டுக்காரரும் பேலியகொடைக்குப் போனோம். பலயா மலிவாக இருந்தது. பன்னிரண்டு கிலோ வாங்கினோம். கட்லட், பெட்டிஸ், ஆணம் என்று மாதம் முழுக்கத் திட்டம் போட்டாயிற்று. வரும் வழியில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் இறங்கி இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டோம். மீன் வாகனத்தில், ஷொப்பிங் பேக்கில், ஐஸ் இல்லாமல். வீட்டுக்கு வந்து கழுவிப் பன்னிரண்டு கிலோவையும் ஒரே நேரத்தில் பிரீசருக்குள் திணித்தேன்.

அந்த வாரம்தான் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. கெட்டுப்போகுமோ என்ற பயத்தில் மணிக்கொரு தடவை கதவைத் திறந்து தொட்டுப் பார்த்தேன். மீன் உறையவே இல்லை. குளிர்ந்து மெதுவாகக் கிடந்தது. மூன்றாம் நாள் மோந்து பார்த்தேன். வாடை இல்லை. "நன்றாகப் பொரித்தால் சரி" என்று மனதைத் தேற்றிக்கொண்டு பொரித்து வைத்தேன்.

சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குள் சின்ன மகனின் முகமும் கழுத்தும் தணல்போல் சிவந்தன. தலையிடி என்று அழுதான், உடம்பெங்கும் தடிப்பு. மாமிக்கு நெஞ்சு படபடப்பும் வாந்தியும். எரிபொருள் இல்லாத அந்த நாளில் த்ரீவீல் தேடி ஓடிய ஓட்டத்தை நான் மறக்க மாட்டேன். அல்ஹம்துலில்லாஹ், மருந்து கொடுத்த சில மணி நேரத்தில் இருவரும் தெளிந்தார்கள்.

டொக்டர் விளக்கிச் சொன்னார். பலயா, கெலவல்லா, கும்பளா போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற சத்து அதிகம். மீன் சூட்டில் கிடந்தால் கிருமிகள் அதை ஹிஸ்டமின் என்ற நஞ்சாக மாற்றிவிடும். வாடை வருவதற்கு முன்னரே அது உண்டாகிவிடலாம். பொரித்தாலும் அவித்தாலும் அது போகாது. பிறகு உறைய வைத்தாலும் போகாது. "மீன் ஒத்துக்கொள்ளவில்லை" என்று நாம் சொல்வதில் பல வேளை இதுதான் விஷயம். காசநோய்க்கு ஐசோனியசிட் மாத்திரை எடுப்பவர்களுக்கு இது இன்னும் கடுமையாகத் தாக்கும். அந்த மருந்து, உடம்பு ஹிஸ்டமினை அழிப்பதைத் தடுத்துவிடுகிறது. அவர்கள் சிகிச்சை முடியும்வரை இந்த வகை மீன்களைத் தவிர்க்க வேண்டும் என்று டொக்டர்மார் எச்சரிக்கிறார்கள். உங்கள் வீட்டில் யாராவது அந்தச் சிகிச்சையில் இருந்தால் இதை மறந்துவிடாதீர்கள். மீன் சாப்பிட்ட பின் மூச்சுத் திணறினால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வீட்டுக்கு வந்தபோது மிச்சம் ஒன்பது கிலோ இருந்தது. ஒரு மாதக் கறிக் காசு! வீசுவதற்குக் கை வரவில்லை. "யாருக்காவது கொடுத்துவிடுவோமா?" என்று கேட்டுவிட்டேன். படுத்திருந்த மாமி எழுந்து உட்கார்ந்தார்.

"மகள், நம்ம பிள்ளைக்குக் கொடுக்கப் பயப்படுறதை மத்தவங்க பிள்ளைக்குக் கொடுக்கிறது ஸதகாவா?"

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. பின் வளவில் குழி தோண்டி அத்தனையையும் புதைத்தோம். வீண்விரயம் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் நானே செய்த வீண்விரயம் அது. மின்வெட்டைத் திட்டலாம்தான். ஆனால் ஐஸ் வாங்காதது நான். வழியில் தாமதித்தது நான். அளவுக்கு மேல் திணித்தது நான். கதவைத் திறந்து திறந்து பார்த்ததும் நான்.

இப்போது நாங்கள் போகும் முறை

அதற்குப் பிறகு பேலியகொடைப் பக்கம் போவதில்லை என்றிருந்தேன். அடுத்த வீட்டுத் தமிழ் அக்காதான், "மூன்று வீடு சேர்ந்து போவோம், ஆளுக்குக் கொஞ்சமாக எடுப்போம்" என்றார். அவர் வீடு, எங்கள் வீடு, ஒழுங்கை மூலையில் கணவரை இழந்து தனியே இருக்கும் ஒரு மாமியின் வீடு. மாதம் ஒரு பயணம். செலவு மூன்றாகப் பிரியும். ஒரு முழு மீனை வாங்கினாலும் எந்த வீட்டுப் பிரீசருக்கும் சுமை இல்லை.

முதலில் கணக்கு. கிலோ விலையை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. மீன் விலை, வெட்டுக் கூலி, ஐஸ், வாகனச் செலவு எல்லாவற்றையும் கூட்டி, தலை, குடல், முள் போன பின் கையில் நிற்கும் சதையின் எடையால் வகுத்துப் பாருங்கள். அந்த விலை வெள்ளவத்தைக் கடையில் சுத்தம் செய்த மீனின் விலையை விடக் குறைவாக இருந்தால்தான் பயணம் இலாபம். தனியாக இரண்டு கிலோவுக்காகப் போனால் வாகனச் செலவே இலாபத்தைத் தின்றுவிடும்.

அடுத்து, பருவம். ஏறக்குறைய மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றால் நம் மேற்குக் கரைக் கடல் கொந்தளிக்கும். அப்போது கிழக்குக் கரை அமைதியாக இருக்கும். திருகோணமலை, கல்முனை மீனைக் கேளுங்கள். வருடக் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை மேற்குக் கரையில் பிடிபாடு நன்றாக இருக்கும். அப்போது வாங்குவது சிக்கனம்.

பார்த்து வாங்குவது எப்படி? கண் தெளிவாக, வெளியே தள்ளி இருக்க வேண்டும். குழிந்து கலங்கியிருந்தால் பழசு. செவுளைத் தூக்கிப் பாருங்கள், சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் சதை திரும்பி எழ வேண்டும். கடல் வாடை வரலாம், புளித்த வாடை வரக் கூடாது. மீன் ஐஸுக்குள் புதைந்து கிடக்கிறதா, ஐஸுக்கு மேல் அலங்காரமாகக் கிடக்கிறதா என்றும் கவனியுங்கள். கெலவல்லாவை வெட்டி வைத்த துண்டாக வாங்குவதை விட, முழு மீனைப் பார்த்து உங்கள் முன்னே வெட்டச் சொல்லுங்கள். கூலிக்கு வெட்டித் தருபவர்கள் அங்கேயே இருக்கிறார்கள். ஆணத்துக்கு ஒரு அளவு, பொரிக்க ஒரு அளவு என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வீட்டிலிருந்து ரெஜிபோம் பெட்டி ஒன்றைக் கொண்டு போங்கள். மீனுக்குச் சம எடை ஐஸ் என்பது கடற்றொழிலாளர் கணக்கு. ஒரு மணி நேரப் பயணத்துக்குப் பாதி எடையாவது வேண்டும். அடியில் ஐஸ், நடுவில் மீன், மேலே மறுபடியும் ஐஸ். மெனிங் சந்தையில் மரக்கறி வாங்குவதாயிருந்தால் அதை முதலில் முடியுங்கள், மீன்தான் கடைசி. பிறகு நேரே வீடு. ராத்தா வீடு, சாச்சி வீடு எல்லாம் இன்னொரு நாளைக்கு!

பிரீசருக்குள்

பிரிட்ஜுக்குள் இருக்கும் சின்ன ஐஸ் பெட்டி வேறு, பிரீசர் வேறு. மாதக்கணக்கில் வைக்க மைனஸ் 18 பாகை குளிர் வேண்டும். தனிக் கதவில்லாத ஐஸ் பெட்டியில் மீனைச் சில நாட்களுக்கு மேல் நம்பி வைக்காதீர்கள்.

நூறு லீட்டர் பிரீசர் என்றால் ஒரு நாளைக்கு நான்கு கிலோவுக்கு மேல் புதிதாக வைக்கக் கூடாது. அதிகம் திணித்தால் உறைய நேரமெடுக்கும். ஏற்கனவே உறைந்திருப்பதும் இளகும். மெதுவாக உறைந்த மீனில் பெரிய ஐஸ் பளிங்குகள் உண்டாகிச் சதையைக் கிழிப்பதால், சமைக்கும்போது தண்ணீர் விட்டுச் சக்கையாகிவிடும்.

மீனைக் கழுவித் துணியால் ஈரத்தை ஒற்றி எடுங்கள். ஒரு வேளைக்கு வேண்டியதை மட்டும் ஒரு பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றித் தட்டையாகப் பரப்பி வையுங்கள். தட்டையான பை சீக்கிரம் உறையும், சீக்கிரம் இளகும், இடமும் மிச்சம். பையின் மேல் மீனின் பெயரும் தேதியும் எழுதுங்கள். சாளை, ஹுருல்லா, பலயா போன்ற எண்ணெய் மீன்களை இரண்டு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். பாரை, விளை போன்றவை நான்கு மாதம் வரை தாங்கும். முதலில் வைத்ததை முதலில் எடுக்க வேண்டும்.

சமைப்பதற்கு முந்திய இரவு, பையைப் பிரிட்ஜின் கீழ்த் தட்டுக்கு மாற்றுங்கள். குசினி மேசையில் காலை முழுக்கப் போட்டு இளக வைப்பது, நான் வாகனத்தில் வைத்த அதே தவறுதான். இளகிய பச்சை மீனைத் திரும்ப உறைய வைக்காதீர்கள். சமைத்துக் கட்லட் கலவையாக்கினால் அதை உறைய வைக்கலாம். நோன்புக்கு முன் நான் செய்வது இதைத்தான்.

மின்சாரம் போனால் கதவைத் திறக்காதீர்கள்! முழுதாக உறைந்து நிறைந்திருக்கும் பிரீசர் மூடியபடியே சுமார் 48 மணி நேரம் குளிர்ச்சியைக் காக்கும். பாதி நிறைந்தது சுமார் 24 மணி நேரம். கீழே இருக்கும் பிரிட்ஜ் நான்கு மணி நேரம்தான். காலி இடத்தில் தண்ணீர் போத்தல்களை முக்கால் அளவு நிரப்பி வைத்தால் அவையே ஐஸ் கட்டியாகிக் காவல் காக்கும். வெற்றிடத்தைக் குளிர வைக்கும் மின்சாரமும் வீணாகாது. 2022 ஆகஸ்டில் சராசரி 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் மின்கட்டணம் கூடிய நாட்களில் அந்தப் போத்தல்கள் எனக்குப் பெரும் துணை.

பிரீசர் இல்லாத வீட்டுக்கு

"எங்கள் வீட்டில் பிரீசரே இல்லையே" என்கிறீர்களா? நம் உம்மும்மாமார் வீட்டிலும் இருக்கவில்லை. பேருவளைப் பக்கம் மீனை உப்பும் கொறக்காவும் சேர்த்துப் பானையில் அடுக்கி ஜாடி போட்டார்கள். கெலவல்லாவைக் கொறக்கா, மிளகு சேர்த்து வற்ற வற்றச் சமைக்கும் அம்புல் தியல், சிங்களச் சகோதரிகளிடமிருந்து நாம் கற்றது. அது பிரிட்ஜ் இல்லாமலே சில நாட்கள் இருக்கும். பலயாவை அவித்துப் புகையிட்டுக் காய வைத்தால் மாசி. ஆனால் எதற்கும் மீன் புதிதாக இருக்க வேண்டும். கெட்ட மீனைக் கொறக்கா காப்பாற்றாது.

இறைச்சியில் அறுப்பு முறையை விசாரிக்க வேண்டியிருக்கிறது. வெசாக் நாட்களில் இறைச்சிக் கடையும் மூடியிருக்கும். கடல் மீனுக்கு அறுப்புத் தேவையில்லை. அதில் நமக்கு இருக்கும் பொறுப்பெல்லாம் கெடாமல் காப்பதும், அளவாக வாங்குவதும், நேர்மையாகப் பங்கிடுவதும்தான்.

பங்கீடு என்றதும் கடைசியாக ஒன்று. மூன்று வீட்டுப் பங்கையும் எங்கள் குசினியில்தான் பிரிக்கிறோம். பிரித்து வைப்பவர் கடைசியாக எடுக்க வேண்டும் என்பது நாங்கள் வைத்த ஒழுங்கு. மூலை வீட்டு மாமி ஒரு கிலோவும் ஒரு மீன் தலையும் எடுப்பார். முதல் மாதம் அவரிடம் காசு வாங்க நான் தயங்கினேன். அவர் காசை எண்ணி என் கையில் வைத்து, "கணக்கில சேர்த்துக்க மகள், அப்பதான் அடுத்த மாசமும் வருவேன்" என்றார். அதிலிருந்து நான் சரியாகக் கணக்குப் பார்த்து, மீதி ஐந்து ரூபாயையும் திருப்பிக் கொடுத்துவிடுவேன். அன்று மாலையே அந்தத் தலை ஆணத்தில் ஒரு கோப்பை எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். சின்ன மகன் அதைத்தான் முதலில் கேட்பான்.

அடுத்த மாதம் நீங்களும் இரண்டு வீட்டைச் சேர்த்துக்கொண்டு ஒருமுறை போய் வாருங்கள். இன்ஷா அல்லாஹ், கை நிறைய மீனோடு திரும்புவீர்கள். ஐஸ் பெட்டியை மட்டும் மறந்துவிடாதீர்கள்!